மினுக்குப் பஞ்சு

என் வீட்டுக்காரர் பட்டாளத்தை விட்டு ஊருக்கு வந்தபோது அவருடைய இரும்புப் பெட்டியில் பாதி கோழி இறகும் பஞ்சுமாக இருந்தது. இராஜபாளையத்தில் எங்கள் தெருவில் பட்டாளத்துக்காரர்கள் நிறையப் பேர். ஒவ்வொருவரும் திரும்பி வரும்போது கம்பளி, குளிர்க் கோட்டு என்று ஏதாவது கொண்டு வருவார்கள். இவர் இறகைக் கொண்டு வந்து நிற்கிறார். "இந்தக் குப்பையத் தூக்கிட்டு வரவா இம்புட்டு வருஷம் வடக்க கிடந்தீங்க?" என்று வாசலில் வைத்தே கேட்டுவிட்டேன். எனக்கு வாய் அப்படி. நூற்பு மில்லில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய தொண்டை. கோபம் வந்தாலும் தெருமுனை வரை கேட்கும், சந்தோஷம் வந்தாலும் கேட்கும்.

அவர் எனக்கு நேர் எதிர். "செத்த நேரம் பொறு, காட்டுதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார்.

அவர் மலைப் பக்கத்து முகாம் ஒன்றில் இருந்தபோது, அங்கே ஓடும் குளிர்ந்த ஆற்றில் அதிகாரிகள் ஒரு தினுசாக மீன் பிடிப்பார்களாம். மண்புழு, மாவு எதுவும் கிடையாது. தூண்டில் முள்ளின் மேல் நூலும் இறகும் பஞ்சும் சுற்றி ஒரு பொய்ப் பூச்சி செய்து, அதைத் தண்ணீருக்குள் விடுவார்கள். நிஜப் பூச்சி என்று நம்பி மீன் வந்து கவ்வும். கூடமாட ஒத்தாசைக்குப் போன இவர், பூச்சி கட்டுவதைப் பார்த்துப் பார்த்துத் தானே கட்ட ஆரம்பித்துவிட்டார். முள்ளைக் கவ்விப் பிடிக்க ஒரு சின்ன வைஸ், நூல் சுற்றிய பாபின், மெழுகு, கத்தரி, பொட்டலம் பொட்டலமாகப் பஞ்சு. இவைதான் பெட்டியில் இருந்த சொத்து.

அந்தப் பஞ்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் அதை டப்பிங் என்பார். பருத்தி கிடையாது, செயற்கை இழை. மண் நிறத்தில் ஒன்று, பாசி நிறத்தில் ஒன்று, சாம்பல் நிறத்தில் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஊடே ஊடே மெல்லிசாக மின்னுகிற இழைகள் கலந்திருக்கும். வெயிலில் காட்டினால் கண் கூசும். மெழுகு தடவிய நூலில் இந்தப் பஞ்சைத் துளி எடுத்து வைத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் முறுக்கி, அந்த நூலை முள்ளில் சுற்றினால் அதுதான் பூச்சிக்கு உடம்பு. தண்ணீருக்குள் வளர்கிற பூச்சி மேலே வரும்போது அதன் உடம்பில் காற்று பளபளவென்று ஒட்டியிருக்குமாம். அந்தப் பளபளப்பைக் கண்டுதான் மீன் வருமாம். எனக்கு டப்பிங் என்றால் சினிமாதான் ஞாபகம் வரும். அதனால் நான் மினுக்குப் பஞ்சு என்று பெயர் வைத்தேன். கொஞ்ச நாளில் அவரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்.

ஊருக்கு வந்த பிறகு அவர் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பகல் காவலுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிளில் கண்மாய்க்குக் கிளம்பிவிடுவார். செண்பகத்தோப்புப் பக்கம் போனால் அங்கே ஓடுகிற ஓடையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அது காட்டிலாகா இடம், தூண்டில் போட முடியாது. கண்மாயில் வலை போடுகிறவர்கள், "என்ன சார், பூச்சியக் காட்டி ஏமாத்தப் போறீங்களா?" என்று கேலி பண்ணுவார்கள். அவர் சிரித்துக்கொள்வார். ஒன்றிரண்டு ஜிலேபிக் கெண்டை கொண்டு வருவார், அநேக நாள் வெறும் கையோடு வருவார். நான் மில்லில் சைடர். ரிங் ஃபிரேமில் நூல் அறுந்தால் ஓடிப்போய் ஒட்டுவது என் வேலை. பகலெல்லாம் நூல், வீட்டுக்கு வந்தாலும் நூலா என்று அந்த மேஜைப் பக்கம் நான் போவதே இல்லை.

ஒரு நாள் காலையில் நான் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஜன்னல் ஓரத்து மேஜையில் அவர் பூச்சி கட்டிக்கொண்டிருந்தார். பாபின் கீழே விழுந்து உருண்டது. "என்னத்த உருட்டுதீங்க?" என்று கத்தினேன். பதில் இல்லை. திரும்பவும் கத்தினேன். வந்து பார்த்தால், கீழே கிடந்த பாபினைப் பார்க்காமல் தன்னுடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

மதுரைக்குக் கொண்டுபோனோம். உயிருக்குப் பயமில்லை என்றார்கள். திரும்பி வரும்போது கால் கொஞ்சம் தேறியிருந்தது, கம்பு ஊன்றி நடந்தார். பேச்சு வரவில்லை. வலது கை தோளிலிருந்து தொங்கியது, விரல்கள் மடங்கிக் கிடந்தன. கூட இருந்து பார்த்துக்கொள்ள நான் மில்லுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். "வர்றது எல்லாம் முதல் சில மாசத்துல வந்துரணும்மா. பொறவு கஷ்டம்" என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நாட்காட்டியைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பிசியோதெரபி கிளினிக் நல்லது என்றார்கள். அங்கே ஒரு சின்னப் பெண், வெளியூரில் கட்டிக்கொடுத்திருக்கிற எங்கள் மகள் வயசுதான் இருக்கும், முதல் நாளே அவர் முன்னால் உட்கார்ந்து கேட்டாள். "ஐயா, இந்தக் கை வந்தா மொதல்ல என்ன செய்யணும்னு நெனைக்கீங்க?" அவருக்கு வார்த்தை வரவில்லை. இடது கையால் வாயைக் காட்டினார். சாப்பிட வேண்டும் என்று அர்த்தம்.

எனக்கு அது முன்னாலேயே தெரியும். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் இடது கையால் ஒரு பருக்கையைத் தொடவில்லை. ஸ்பூன் கொடுத்தால் தள்ளிவிட்டார். நான் ஊட்டினால் மட்டும் வாயைத் திறப்பார், அதுவும் கதவைச் சாத்தினால்தான். யாராவது பார்க்க வந்து சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்துவிட்டால் அன்றைக்குப் பட்டினி. சோற்றைப் பிசைந்து உருட்டி அவர் வாயில் வைக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார். என்னைப் பார்க்க வெட்கப்பட்டார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் வெட்கப்படுகிறாரே என்று நானும் தட்டைப் பார்த்துக்கொண்டே ஊட்டினேன்.

அந்தப் பெண் ஒரு ரப்பர் பந்து கொடுத்து, தினமும் அமுக்கச் சொன்னாள். அவர் அதை அமுக்கவில்லை. இடது கையால் எடுத்துச் சுவரில் எறிந்தார். நான் பொறுக்கிக் கொடுத்தேன். திரும்ப எறிந்தார். "சின்னப் புள்ளையா நீங்க?" என்று கத்தினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாட்கள் இப்படியே போய்க்கொண்டிருந்தன, கை அப்படியே கிடந்தது.

ஒரு மத்தியானம் அவர் இடது கையை நீட்டி அலமாரியின் மேல் தட்டைக் காட்டினார். எதைக் கேட்கிறார் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். கடைசியில் பூச்சிப் பெட்டியைத் தொட்டபோது தலையை அசைத்தார். எடுத்துக் கொடுத்தேன். திறந்து பார்த்தார், பொட்டலங்களைத் தொட்டுப் பார்த்தார், தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். கேட்டு வாங்கினாரே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெட்டியில் தூசி இருந்தது. அவர் எழுந்திருப்பதற்குள் துடைத்து வைப்போமே என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மில்லில் நாங்கள் முதலில் படித்த பாடம், பஞ்சில் அந்நியப் பொருள் இருக்கக் கூடாது என்பது. சாக்கு நார், தலைமுடி, பிளாஸ்டிக் இழை எது வந்தாலும் பிடுங்கி எறிய வேண்டும். அதிலும் பளபளப்பாக ஒரு இழை நூலோடு போய்விட்டால் துணி வரைக்கும் போகும். சூப்பர்வைசர் நிற்க வைத்துக் கேட்பார். ரிங் ஃபிரேமுக்கு வருவதற்கு முன்னால் நான் பஞ்சு பொறுக்கும் பிரிவில்தான் இருந்தேன். அந்தக் கண்ணும் கையும் எங்கே போகும்? பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மடியில் வைத்தேன். மனசு டாக்டர் சொன்னதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கை தன் பாட்டுக்கு வேலை பார்த்தது. மின்னுகிற இழையை ஒன்று ஒன்றாகப் பொறுக்கி எடுத்து, பஞ்சைச் சுத்தமாக்கி, திரும்பவும் பொட்டலத்தில் வைத்துக் கட்டினேன். பொறுக்கினதைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டேன், குப்பை வண்டியும் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அவர் எழுந்தார். மண் நிறப் பஞ்சை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். அடுத்ததை எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, "ஏட்டி!" என்று ஒரு சத்தம் போட்டார்.

வாதம் வந்ததிலிருந்து அவர் வாயில் வந்த முதல் வார்த்தை அது.

நான் என்ன செய்தேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடிப் பாவி, மினுக்குப் பஞ்சில் மினுக்கைப் பொறுக்கிப் போட்டிருக்கிறாயே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவர் "ஏட்டி, ஏட்டி" என்று திட்டுகிறார். வேறு வார்த்தை வராததால் அதை வைத்தே அத்தனையும் திட்டுகிறார். நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. "திட்டுங்க, நல்லாத் திட்டுங்க, இன்னொருக்கா சொல்லுங்க" என்று அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டேன்.

போன மினுக்கைத் திரும்பக் கொண்டு வர வேண்டுமே. பக்கத்து வீட்டில் ஜாக்கெட் தைக்கிற அம்மா, தெலுங்கு பேசுகிறவர், என்னை அண்ணி முறை வைத்துக் கூப்பிடுவார். "ஏமி வதினா, அண்ணா எப்படி இருக்காரு?" என்று தினமும் விசாரிப்பார். நடந்ததைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, வெட்டு மிச்சத்திலிருந்து ஜிகினா நூல் ஒரு பை நிறையக் கொடுத்தார். அதை உதிர்த்து, பொடிப்பொடியாக நறுக்கி, இரண்டு சீப்புக்கு நடுவில் பஞ்சோடு வைத்து வாரி வாரிக் கலந்தேன். மில்லில் மிக்சிங் தெரியும் என்று எனக்கு ஒரு மிதப்பு. கலந்ததை அவரிடம் காட்டினேன். ஜிகினா கூடிப் போய்விட்டது. அவர் பார்த்துவிட்டு, கோணின வாயாலேயே, "சப்... பரம்" என்றார். சாமி சப்பரம் மாதிரி இருக்கிறதாம். திரும்பப் பஞ்சைக் கூட்டி, நாலைந்து தடவை வாரி, அவர் தலையசைத்த பிறகுதான் விட்டேன்.

பிறகு கட்ட வேண்டும். அவரால் முடியாது, நான்தான். அவரை மேஜைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார வைத்தேன். செத்த கையைக் கண்ணுக்கு மறைவாகத் தொங்க விடக் கூடாது, எப்போதும் மேஜை மேல் வைக்க வேண்டும் என்று கிளினிக் பெண் சொல்லியிருந்தாள். அதனால் அவர் வலது கையை எடுத்து வைஸுக்குப் பக்கத்தில் வைத்தேன். இடது கையாலும் கண்ணாலும் அவர் காட்டக் காட்ட நான் செய்தேன். முள்ளை மாட்டினேன். நூல் சுற்றினேன். மெழுகு தடவி, துளிப் பஞ்சு எடுத்து முறுக்கினேன்.

"இறு... க்காத" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இறுக்காம எப்படிங்க நிக்கும்? பிரிஞ்சு போகாதா?" மில்லில் முறுக்குக் குறைந்தால் நூல் அறும். அறுந்தால் ஓட வேண்டும். நூலில் முடி முடியாக நீட்டிக்கொண்டு இருந்தால் அது தள்ளுபடி. வழவழவென்று, ஒரே திரட்சியாக, கம்பி மாதிரி வர வேண்டும். என் கை அப்படித்தான் முறுக்கும். முறுக்கினேன், முள்ளில் சுற்றினேன், பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது. ஒரு பிசிறு இல்லை.

அவர் அந்தப் பூச்சியைப் பார்த்தார். மூச்சு வேகமாக வந்தது. மினுக்கு அத்தனையும் முறுக்குக்குள்ளே அமுங்கிப் போயிருந்தது. எனக்கு அது அப்போது புரியவில்லை. "நல்லாத்தானே இருக்கு?" என்றேன். அவர் மேஜையை இடது கையால் ஒரு தட்டுத் தட்டினார். அப்போது வைஸுக்குப் பக்கத்தில் கிடந்த வலது கை நகர்ந்தது. கட்டைவிரல் முதலில் அசைந்தது. கை மேஜையோடு இழுத்துக்கொண்டே போய், பூச்சியின் மேல் முட்டி, நகத்தால் ஒரு இழையைக் கிளப்பி வெளியே இழுத்தது. பிறகு இன்னொன்று.

அவருக்கு அது தெரியவே இல்லை. பூச்சி மேலேயே கண்ணாக இருந்தார். நான் சத்தம் போட்டால் கை நின்றுவிடுமோ என்று பயந்து, வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆயுசில் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை.

மறுநாளும் இறுக்கித்தான் முறுக்கினேன். வேண்டுமென்றே செய்யவில்லை, கை பழக்கம். அவரும் "இறுக்காத" என்று திட்டிக்கொண்டே கையைக் கொண்டு வந்தார். பந்தை எறிந்த மனுஷன், ஒரு பூச்சியின் உடம்பைக் கோதிவிடுவதற்கு வேர்க்க வேர்க்கப் போராடினார். நாள் போகப் போக எனக்கு லூசாக முறுக்க வந்துவிட்டது. நான் ஒன்றும் மரமண்டை இல்லை. ஒரு நாள் சரியாக வந்ததும், அவர் பார்ப்பதற்குள் அவிழ்த்துவிட்டு இறுக்கி முறுக்கினேன். கிளினிக் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்படியே செய்யுங்கம்மா. ஐயாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்றாள். கையை நெஞ்சில் வைத்துச் சிரித்தாள்.

கட்டைவிரல் வந்தது. ஆள்காட்டி விரல் வந்தது. நடுவிரல் பாதி வந்தது. பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. ஒரு காலையில் தட்டில் இருந்த இட்லியை அந்த மூன்று விரலால் பிய்த்தார். சட்னியில் தொட்டு வாயில் வைக்கும்போது பாதி வேஷ்டியில் விழுந்தது. நான் அடுப்படிக்குள் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதேன். சோற்றைப் பிசைய மட்டும் வரவில்லை. அதற்கு உள்ளங்கை வேண்டும், அஞ்சு விரலும் வேண்டும்.

மழை பெய்து கண்மாய் நிறைந்திருந்த சமயம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரும்பும்போது அவர் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். காலையிலேயே தூண்டிலை ஆட்டோவில் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார், நானும் சொன்னபடி வைத்திருந்தேன். மதகுப் பக்கம் தண்ணீர் தெளிவாக இருந்தது. அவரைக் கல்லில் உட்கார வைத்தேன். என் அவசரத்தில், நான் இறுக்கிக் கட்டி அவர் கோதாமல் விட்ட பூச்சி ஒன்றை முதலில் மாட்டிவிட்டேன். தண்ணீருக்குள் போனதும் அது ஒரு குச்சித் துண்டு மாதிரி கீழே போனது. பிறகு அவர் கோதிவிட்டதை மாட்டினேன். அது தண்ணீருக்குள் நுழைந்ததும் இழை இழையாக விரிந்து, ஒவ்வொரு இழையிலும் வெளிச்சம் பட்டது. உயிர் இருக்கிற ஒன்று உள்ளே அசைகிற மாதிரி இருந்தது. இத்தனை மாதம் அவர் எதற்காக மல்லுக்கட்டினார் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

அவர் இடது கையால் தூண்டிலைப் பிடித்திருந்தார். சட்டென்று நுனி வளைந்தது. "இழுட்டி, இழு!" என்றார். நான் நூலைக் கையால் பிடித்து இழுத்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபிக் கெண்டை. முள்ளைக் கழற்றியதும் அவர் கையை நீட்டினார், வலது கையை. "தா" என்றார். எனக்கு ஒரு கணம் தயக்கமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வைத்தேன். மூன்று விரலும் மீனை வளைக்கப் பார்த்தன. மீன் ஒரு துள்ளுத் துள்ளியது. கையில் நிற்கவில்லை, கல்லில் விழுந்து தண்ணீருக்குள் போய்விட்டது.

"போய்ட்டு" என்றார்.

"போனாப் போகுது, இன்னொண்ணு பிடிப்போம்" என்றேன். அவர் மீன் போன இடத்தைப் பார்க்கவில்லை. விரிந்து கிடந்த உள்ளங்கையையே பார்த்தார்.

அன்றிலிருந்து அந்தக் கையை மேஜை மேல் வைக்க விடவில்லை. துண்டைப் போட்டு மடிக்குள் மூடிக்கொண்டார். இட்லியைக் கூடப் பிய்க்கவில்லை, பழையபடி நான் ஊட்ட வேண்டியதாயிற்று. கிளினிக்கில் அந்தப் பெண் விரல் விரலாக நீட்டி மடக்கிப் பார்த்தாள். என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், "அம்மா, இனி இருக்கிறதக் காப்பாத்திக்கிடணும். இதுக்கு மேல பெருசா வரும்னு சொல்ல முடியல" என்றாள். "ஏம்மா, உனக்கு என்ன தெரியும்? எங்க வீட்டு அவியளப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று அவள் மேல் பாய்ந்தேன். அவள் கண் கலங்கி நின்றாள். அவள் மேல் என்ன தப்பு? எனக்கு யாரிடமாவது கத்த வேண்டியிருந்தது.

வீட்டில் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கூப்பிட்டால் "ம்" என்பார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வராத கையை வா வா என்று நான் எதற்கு இழுக்க வேண்டும், அந்த மனுஷனை இனியாவது நிம்மதியாக விடுவோம் என்று தோன்றியது. தனியாக மேஜையில் உட்கார்ந்து ஒரு பூச்சி கட்டினேன். லூசாக முறுக்கி, அளவாகச் சுற்றி, ஊசியால் கோதிவிட்டு, அவர் எப்படிச் சொல்வாரோ அப்படியே கட்டினேன். பார்த்தால் மனசு ஆறும் என்று நினைத்து அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இடது கையால் வாங்கினார். ஜன்னல் பக்கம் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாக மினுங்கியது. "சரியா இருக்கு" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "கத்துக்கிட்டே."

பிறகு அதை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, "இனி நான் எதுக்கு?" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மழை நிற்குமா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார். அவர் கையை இத்தனை மாதம் இழுத்துக்கொண்டு வந்தது எது என்று தெரிந்தும், அதை நானே பிடுங்கிப் போட்டிருக்கிறேன்.

பிளேடை எடுத்து அந்தப் பூச்சியை முள்ளிலிருந்து சுரண்டி அறுத்துப் போட்டேன். "என்னத்தக் கத்துக்கிட்டேன்? தப்பித் தவறி ஒரு தடவ வந்துட்டு, அம்புட்டுத்தான்!" என்று கத்தினேன். மேஜையைக் கட்டில் பக்கம் கரகரவென்று இழுத்தேன். அவரைத் தூக்கி உட்கார வைத்தேன். முள்ளை மாட்டி, நூலைச் சுற்றி, பஞ்சை எடுத்து, மில்லில் எந்தச் சூப்பர்வைசரும் குறை சொல்ல முடியாதபடி கம்பியாக முறுக்கினேன். கண்ணீர் மெழுகில் விழுந்தது. "பாருங்க. பாத்தீங்களா? என்னால முடியல. என் கை கேக்க மாட்டேங்கு. என்னால முடியலங்க!" சத்தத்தைக் கேட்டு, ஜாக்கெட் தைக்கிற அம்மா வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். முடியல என்ற வார்த்தையை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மில்லில் சொன்னதில்லை, பிரசவத்தில் சொன்னதில்லை, இவர் வடக்கே கிடந்த வருஷங்களில் ஒருநாளும் சொன்னதில்லை.

அவர் பூச்சியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சொல்லப்போனால் முன்னாலேயே தெரிந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து மாதக்கணக்காக என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தெரியாமலா இருக்கும்?

மடியில் கிடந்த துண்டை ஒதுக்கினார். வலது கை மேஜை விளிம்பில் ஏறியது. ஏறி நின்று, மூச்சு வாங்கி, நகர்ந்து வந்து, அந்த முறுக்கில் நகத்தை நுழைத்து ஒரு இழையை வெளியே இழுத்தது.

"இறுக்காதட்டி" என்றார். "நான் இருக்கேன்லா."

இருந்தார். அந்த மழை கழிந்து, கோடை கழிந்து, அடுத்த ஆடிக் காற்று வரைக்கும் இருந்தார். சோற்றைப் பிசைந்து சாப்பிட அந்தக் கை கடைசி வரை வரவில்லை. நான்தான் ஊட்டினேன், கண்ணை மூடாமல் வாங்கிக்கொண்டார். தினமும் காலையில் மேஜைக்கு வந்து உட்காருவார். நான் முறுக்குவேன், அவர் திட்டிக்கொண்டே கோதிவிடுவார். அத்தனை நாளில் ஒரு பூச்சியைக்கூட நான் சரியாகக் கட்டவில்லை.